மீட்டர் பார்க்க வந்த தம்பிக்கும், தாமானில் (குடியிருப்பில்) உள்ள எல்லாருக்கும்

பேராக், சுங்கை சிப்புட் உறவுகளுக்கு வணக்கம்.

பெரியம்மா நேற்று மாலை வார்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். தனியாக இருந்தவர், அடுப்பெரிக்கவும் முடியாமல், யாரையும் கூப்பிடவும் முடியாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கி, கடைசியில் ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனது தாமான் முழுக்கத் தெரியும். வாட்ஸ்அப்பில் என்னைவிட உங்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. அதனால் அதை விவரமாக மறுபடி எழுதப் போவதில்லை. ராத்திரி கஞ்சி குடித்தார். உப்புப் பத்தவில்லை என்று என் அம்மாவைத் திட்டினார். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் எங்கள் எல்லாருக்கும் மூச்சு வந்தது. இப்போது விடிகாலை, வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

முதல் நன்றி, மீட்டர் பார்க்க வரும் தம்பிக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. மலாய்க்காரப் பையன். தெனாகா மின்சார மீட்டரைப் பார்த்து, கையில் உள்ள கருவியிலேயே பில்லை அச்சடித்து, தபால் பெட்டியில் செருகிவிட்டு மோட்டாரில் அடுத்த வாசலுக்குப் போகிறவர். ஒரு வீட்டு வாசலில் அவர் நிற்பது அரை நிமிடம்கூட இருக்காது. அந்த அரை நிமிடத்தில் அவர் கவனித்ததைத்தான் சொல்கிறேன். போன மாதம் அவர் போட்ட பில் பெட்டியிலேயே கிடக்கிறது. மீட்டர் ஏறவே இல்லை என்று சொல்லும்படிதான் ஏறியிருக்கிறது. ஆள் இல்லாத வீடு என்றால் சரி. ஆனால் வாசல் கேட் உள்பக்கம் பூட்டியிருக்கிறது, சிலிப்பர் வாசலில் கிடக்கிறது. ‘ஒரு ஃபிரிட்ஜ் ஓடினாலே மீட்டர் இப்படி நிற்காது’ என்று பிறகு முனைக் கடைக்கார மாமாவிடம் சொல்லியிருக்கிறார். ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, விளக்கும் போடாமல் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்பது அவருக்கு உறுத்தியிருக்கிறது.

அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். ஜொகூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பாங்க என்று பதில் வந்திருக்கிறது. சொன்னவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பெரியம்மா வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்தானே. தம்பி கேட்டைத் தட்டியிருக்கிறார். உள்ளேயிருந்து, ஒன்றும் வேண்டாம், நான் நல்லாத்தான் இருக்கிறேன், போங்கள் என்று மலாயில் குரல் வந்திருக்கிறது. குரல் கேட்டாகிவிட்டது, ஆள் இருக்கிறார், நல்லா இருக்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். போயிருந்தாலும் யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது.

அவர் போகவில்லை. ‘மக்சிக், மிந்தா ஆயேர் சிகிட்’ என்று கேட்டிருக்கிறார். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர்!

வெயிலில் நிற்கிற பிள்ளை தண்ணீர் கேட்டால் எங்கள் பெரியம்மாவால் கதவைத் திறக்காமல் இருக்க முடியாது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எந்தக் கிழவியாலும் முடியாது. ரொம்ப நேரம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டே, எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கொடுக்கும்போது மன்னிப்பு வேறு. இது பச்சைத் தண்ணிதான் தம்பி, காய்ச்ச முடியலை, கேஸ் முடிஞ்சு போச்சு என்று. நம் வீடுகளில் காய்ச்சாத தண்ணீரை யாராவது விருந்தாளிக்குக் கொடுப்பார்களா? அடுப்பு எரிந்து எத்தனை நாளாயிற்று என்று தம்பி கேட்கவில்லை. தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு, நன்றி சொல்லி, நேராக முனைக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். கடைக்கார மாமா வந்து சேரும் வரை, பார்க்க வேண்டிய மீட்டர்கள் பாதிக்கு மேல் இருந்தும், வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

உதவி வேண்டுமா என்று கேட்டிருந்தால் பெரியம்மா இன்றுவரை கதவைத் திறந்திருக்க மாட்டார். அந்தத் தலைமுறை அப்படி. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், அமைச்சராக இருந்த நம் ஊர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டம் வாங்க 1960-இல் நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். பால் வெட்டிய கூலியில் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனவரின் மகள், பக்கத்து வீட்டில் போய் ‘கேஸ் தோங்கை (சிலிண்டரை) மாற்றிக் கொடுங்க’ என்று கேட்பாரா? பணமும் ஒரு காரணம் இல்லை. மானிய விலையில் 14 கிலோ தோங் 26 வெள்ளி 60 காசுதான், அலமாரியில் அதற்கு மேலேயே இருந்தது. டாப்அப் காலாவதியாகிக் கடைக்குப் போன் செய்ய முடியவில்லை, காலில் வீக்கம், நடந்து போகவும் முடியவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகச் சின்னச் சின்ன விஷயங்கள். ஆகவே, தெரிந்த வயதானவரின் எண்ணுக்கு அழைத்து, இந்த எண் சேவையில் இல்லை என்று வந்தால், எண்ணை மாற்றிவிட்டார்கள் போல என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நடை போய்ப் பாருங்கள். போகும்போது உதவ வந்தவராகப் போகாமல், கறிவேப்பிலை கேட்டுப் போங்கள்.

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த காலத்தில் இப்படி நடந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த பலர் சொன்னார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம். காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஒரு ஆள் குறைந்தால் வேலையை மேய்க்கும் தண்டல் வீட்டுக்கே வந்துவிடுவார், உண்மைதான். பாசத்தால் வந்தார் என்று சொல்ல முடியாது, பால் வெட்டு நிற்கக் கூடாதே என்று வந்தார். ஆனாலும் தினமும் தலையை எண்ண ஒருவர் இருந்தார். பொதுக்குழாயில் குடம் வரவில்லை என்றால் பெண்களுக்குத் தெரிந்துவிடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போன பிறகு, தாமான் வீட்டில் கேட்டைப் பூட்டிக்கொண்டால் எண்ணுவதற்கு யாரும் இல்லை. மீட்டர் பார்க்க வருகிறவர் ஒருவர்தான் மாதம் தவறாமல் வாசலுக்கு வருகிறார். அந்த மீட்டரையும் இடம் இடமாக ஸ்மார்ட் மீட்டராக மாற்றி வருகிறார்கள். அது தானாகவே கணக்கை அனுப்பிவிடும், தண்ணீர் கேட்காது.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கதவடியிலேயே சேலைன் போத்தலை ஏற்றிய ஆம்புலன்ஸ்காரர்கள், பெரியம்மாவின் முடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்ட வார்டு தாதி, தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி, புல் வெட்டி வீட்டையும் கழுவிவிட்ட கோயில் இளைஞர்கள், மருந்துப் பையில் மலாயில் இருந்ததைப் பார்த்து, காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டிய தமிழ்ப்பள்ளி ஆசிரியை, எல்லாருக்கும். ஓர் இடத்தில் மட்டும், வயதானால் இப்படித்தான் என்று ஒருவர் சொன்னார். அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது நன்றி மடலாக இருக்காது, விடுங்கள்.

கெபாஜிக்கானிலிருந்து (சமூக நலத் துறையிலிருந்து) வந்த அதிகாரிக்குத் தனியாக ஒரு நன்றி. பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். அறுபது வயதைத் தாண்டி, வருமானமும் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாத குடிமக்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. 500 வெள்ளியாக இருந்ததை 2025 பட்ஜெட்டில் 600 ஆக உயர்த்தினார்கள். மாவட்ட நல அலுவலகத்தில் மனு செய்ய வேண்டும். தனியாகத் தவிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்ல அவருக்கு உறவாக இருக்க வேண்டியதில்லை. 15999, தாலியான் காசே உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை) வைத்திருக்கும் பாட்டிகள் நம் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாததால் அந்தப் பணம் அவர்களுக்குக் கிடைக்காது. அவர்கள் வீட்டு அடுப்பை நாம்தான் பார்க்க வேண்டும்.

அதற்காகத்தான் நேற்று கடைக்கார மாமாவிடம் பேசினேன். யார் எப்போது கேஸ் வாங்கினார்கள் என்பது அவர் கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக இருக்கும் பெரியவர்களின் பெயர்களுக்கு நேராகச் சிவப்புப் பேனாவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறோம். வழக்கமாக மாற்றும் நாள் தாண்டி ஒரு வாரம் ஆகியும் தோங் கேட்டு ஆள் வரவில்லை என்றால், கடைப்பையன் முட்டையோ ரொட்டியோ எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்ப்பான். முடியாதவர்களுக்குத் தோங் பணத்தை என் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டேன். நான் ஜொகூரில் இருந்தாலும் மாதக் கடைசியில் அந்தப் பாக்கி தீர்ந்துவிடும். புள்ளி வைக்க விட்டுப்போன பெயர் யாருக்காவது தெரிந்தால் கடையில் சொல்லுங்கள்.

தம்பி, இதை யாராவது உங்களுக்கு மலாயில் படித்துச் சொல்வார்கள் என்று நம்புகிறேன். பெரியம்மா கண் விழித்ததிலிருந்து உங்களைப் பற்றி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அந்தப் பச்சைத் தண்ணியைக் குடிச்ச பிள்ளைக்கு வயிறு ஒண்ணும் ஆகலையே? அடுத்த தடவை பில் போட வரும்போது அவரிடமே பதில் சொல்லிவிடுங்கள். தோசை சாப்பிடாமல் விட மாட்டார், அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.