மல்லிகாவுக்கு, மகள் காலேஜ் விஷயமாக

அன்புள்ள மல்லிகா,

உன் மூன்று வாய்ஸ் மெசேஜையும் நேற்று கிளினிக்கைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து கேட்டேன். பாப்பாவுக்கு பி.டி.எஸ். (பல் மருத்துவப் படிப்பு) சேர அரசுக் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இரண்டு இடமும் கிடைக்கும் போலிருக்கிறது, எதில் சேர்ப்பது என்று நீ கேட்டதும் அப்படி ஒரு சந்தோஷம். போனில் பேசினால் நடுவில் உன் வீட்டுக்காரர் வாங்கி டிஸ்டிங்ஷன், கோல்டு மெடல் என்று ஆரம்பித்துவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன். அவருக்கும் படித்துக் காட்டு.

மார்க் நிறைய கிடைக்கும் என்று அவர் சொல்கிற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் தாராளமாகவே போடட்டும். அரசுக் கல்லூரி என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பொதுக் கேள்வித்தாள். நிகர்நிலையில் கேள்வித்தாளும் அவர்களே, ரிசல்ட்டும் அவர்களே. அங்கே வாங்கும் 75 சதவீதத்தையும் அரசுக் கல்லூரியில் வாங்கும் 60 சதவீதத்தையும் எப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது? போகட்டும், எம்.டி.எஸ். என்கிற மேற்படிப்பில் சேர அதற்கென்று தனியாக நடக்கும் நீட் மதிப்பெண்தான் கணக்கு, பி.டி.எஸ். மார்க் ரேங்க்கில் சேராது. என் கிளினிக்கில் ஒரு பேஷண்ட்கூட இதுவரை என் மார்க்கைக் கேட்டதில்லை.

என் கதையை உனக்குச் சொன்னதே இல்லை. முதல் வருஷம் மெழுகில் பல் செதுக்குவதில் வகுப்பிலேயே நான்தான் முதல். ஆனால் நான் படித்த தனியார் காலேஜில் ஓ.பி.க்கு (வெளிநோயாளிப் பிரிவு) ஆளே வராது. கேம்ப் போட்டு பஸ்ஸில் அழைத்து வருவார்கள், அதுவும் இல்லாத நாளில், இத்தனை பேருக்குச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்கிற கோட்டாவை முடிக்க சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று நாங்களே ஆட்டோ வைத்துக் கூட்டிப்போவோம் (பாட்டிக்கு அந்தப் பல் செட் கடைசிவரை பொருந்தவில்லை, பாவம்). கிளினிக் திறந்த முதல் மாதம் ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப்போய் வேர் உள்ளேயே முறிந்து, முக்கால் மணி நேரம் வியர்த்து, கடைசியில் சீனியர் ஒருவரைப் போன் போட்டு வரவழைத்தேன். கோட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கிற சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் படித்த என் தோழி, ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடிப்பதற்குள் அந்த மாதிரிப் பல் எத்தனை எடுத்தாள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டாளாம்.

தனியார் என்றாலே காலி என்று நினைத்துவிடாதே, ஓ.பி. நிரம்பி வழிகிற தனியார் காலேஜும் உண்டு. நேரில் பார்த்தால்தான் தெரியும். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு இடத்துக்கும் போய் வராந்தாவில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள், எத்தனை சேரில் ஆள் இருக்கிறது, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் பைனல் இயர் பிள்ளைகளை கேன்டீனில் பிடித்து, ரூட் கெனாலை (பல் வேர் சிகிச்சை) நிஜப் பேஷண்டுக்குச் செய்தீர்களா, பிடுங்கிய பல்லில்தான் செய்து பழகினீர்களா என்று பாப்பாவையே கேட்கச் சொல். நீங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

இங்கே அம்மா முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு மாடி ஏற ஆரம்பித்துவிட்டார், இறங்கத்தான் பயம்.

சரி, தை மாதம் உனக்குத் தற்காலிகமாக அடைத்துவிட்ட பல்லை இன்னும் காட்ட வரவில்லை நீ. மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது என்று சொன்னேனா இல்லையா?

அன்புடன்,
வசந்தி