கயாக் கட்டத் தொடங்கும் முன்: வெக்கையும் பிசினும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மரக் கயாக் கிட், அதாவது துடுப்புப் படகை வீட்டிலேயே கட்டுவதற்கான பொருள் தொகுப்பு, வாங்கிப் போனவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டே கேள்விதான். கலக்கிய எபாக்சி (பலகையை ஒட்டவும் பூசவும் உதவும் பிசின்) ஏன் கப்பிலேயே கல்லாகிவிட்டது? கட்டி முடித்த படகு ஏன் நேராகப் போகாமல் ஒரு பக்கமாகவே இழுக்கிறது? இரண்டையும் முன்கூட்டியே தடுக்கலாம். அதற்காகத்தான் இந்த மடல்.

பிளைவுட் 8 அடி நீளம்தான் வரும். கயாக்கோ 15 அடிக்கு மேல். அதனால் ஒவ்வொரு பலகையும் இரண்டு துண்டாக வருகிறது. முனைகளைச் சரிவாக இழைத்தே அனுப்புகிறோம், 4 மி.மீ. கனத்துக்கு 32 மி.மீ. சரிவு. ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து ஒட்டி, மேலே பாரம் வைத்து ஒரு நாள் விடுங்கள். அடியில் பிளாஸ்டிக் தாள் கட்டாயம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எபாக்சி சிந்தி இறுகினால், கல்லின் பூவும் சேர்ந்துதான் பெயரும்.

அடுத்து தையல், அதாவது பலகைகளைக் கம்பியால் சேர்த்துக் கட்டுவது. பலகை ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளி, 10 முதல் 15 செ.மீ.க்கு ஒன்றாகத் துளை போட்டு, செம்புக் கம்பியால் கட்டுங்கள். கம்பியை உடனே இறுக்க வேண்டாம். முழுப் படகும் தளர்வாகச் சேர்ந்த பிறகு, நடுவிலிருந்து இரு முனைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறட்டால் முறுக்குங்கள். ஒரே இடத்தில் வேகமாக இறுக்கினால் பிளைவுட்டின் ஓரம் பிய்ந்துவிடும்.

தைத்த மூட்டுகளைப் பிசினால் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நேரான இரண்டு ரீப்பர் (மரச் சட்டம்) எடுத்து, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று படகின் குறுக்கே வையுங்கள். நாலடி தள்ளிக் குனிந்து, ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முன் ரீப்பரின் மேல்விளிம்பு பின் ரீப்பரின் விளிம்போடு ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் விரல் கனம் ஏறித் தெரிந்தாலும் உடல் முறுக்கியிருக்கிறது. படகு ஒரு பக்கமாக இழுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கம்பி கட்டிய நிலையில், தாழ்ந்த பக்கத்துக்கு ஆப்பு கொடுத்தால் பத்து நிமிடத்தில் சரியாகும். பிசின் இறுகிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இனி எபாக்சி. எங்கள் கிட்டில் வருவது கன அளவில் ரெசின் (பிசின்) 2 பங்கு, ஹார்டனர் (அதை இறுக வைக்கும் திரவம்) 1 பங்கு. சீக்கிரம் காய வேண்டும் என்று ஹார்டனரைக் கூட்டாதீர்கள். கூடுதல் ஹார்டனர் வேலை செய்யாமல் உள்ளேயே தங்கி, பிசின் கடைசிவரை பிசுபிசுக்கும். டப்பாவில் உள்ள நேரக் கணக்கு 25 டிகிரிக்கு எழுதியது. பங்குனி, சித்திரையில் நம் வீட்டுப் பட்டாசாலை (கூடம்) நிழலிலேயே 35 இருக்கும். 10 டிகிரி ஏறினால் இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். கப்பில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். ஒரு தடவைக்கு 100 மி.லி.க்கு மேல் கலக்காதீர்கள். ஓரமும் அடியும் வழித்து இரண்டு நிமிடம் கலக்கி, உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள்.

மரத்தில் எபாக்சி பூசும் நேரம் காலையல்ல. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈரப் பிசினைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கடுகு அளவில் குமிழ் குமிழாக நிற்கும்; இறுகியதும் ஒவ்வொன்றும் ஊசித்துளை. மாலை 4 மணிக்கு மேல், சூடு இறங்கத் தொடங்கியதும் பூசினால் மரம் காற்றை உள்ளே இழுக்கும், பிசினும் கூடவே இறங்கும்.

படகின்மேல் விரித்துப் பிசின் பூசும் ஃபைபர் கிளாஸ் (கண்ணாடி இழை) துணி நனைந்ததும் கண்ணாடிபோல மறைந்து மர ரேகை தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் பிசின் போதவில்லை. பளபளவென்று மிதந்தால் அதிகம். ரப்பர் தகட்டால் வழித்தெடுங்கள்.

மழைக்காலத்தில் இறுகிய பிசின்மேல் மெழுகுபோல ஒரு படலம் படியும். உப்புத்தாள் போடுவதற்கு முன் தண்ணீரும் நைலான் நாருமாகத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் படலம் உள்ளே இறங்கி அடுத்த பூச்சு உரியும். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்து மார்கழியில் தொடங்குவதே எங்கள் யோசனை.

பழைய வீடு பிரித்த பர்மாத் தேக்கில் ஓரச் சட்டம் போட நம் ஊரில் பலருக்கு ஆசை. அழகாகத்தான் இருக்கும், தாராளமாகப் போடுங்கள். ஆனால் தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, ஆவி பறந்ததும் தாமதிக்காமல் ஒட்டுங்கள். மறுநாள் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும்.

கடைசியில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் 4 பூச்சு. அது இல்லாமல் வெயில் பட்டால் எபாக்சி மஞ்சளித்து மாவாக உதிரும்.

கண்மாயில் இறக்கும்போது மதகுப் பக்கம் போக வேண்டாம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறவே வேண்டாம். குடிநீர் ஊருணியில் இறக்காதீர்கள். கரையேறியதும் படகின் முன்பின் அறைகள் இரண்டின் மூடியையும் திறந்து நிழலில் வையுங்கள். மூடியபடி வெயிலில் கிடந்தால் உள்ளே காற்று விரிந்து மேல்தளம் ஒட்டிய இடமே பிளந்துவிடும்.

அன்புடன்,
கடையார்,
காரைக்குடி