2022 டிராஃப்ட் பற்றி ஒரு மறுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

இளம் ஐஸ் ஹொக்கி வீரன் கேவின் மெக்கென்னாவின் புள்ளிகள் (போட்ட கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு) குறைந்துவிட்டன, வட அமெரிக்காவின் உயர்மட்ட லீக்கான என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் இடத்துக்கு அவன் தகுதியானவனா என்று கேட்டு சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் ஹொக்கிக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் நடுவில், போகிற போக்கில், "2022இல் மொன்றியல் செய்த தவறை இன்னொரு அணி செய்யக்கூடாது" என்று ஒரு வரி இருந்தது. அதாவது, அந்த வருடம் ஷேன் ரைட்டை விட்டுவிட்டு யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை முதலாவதாக எடுத்தது தவறாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

மெக்கென்னா விஷயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெடிசின் ஹட் என்ற கனேடிய ஜூனியர் அணிக்காக 2024-25இல் 56 ஆட்டங்களில் 129 புள்ளிகள் எடுத்தவன். அதற்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரி ஹொக்கிக்கு, பென் ஸ்டேட்டுக்குப் போனான். ஜூனியரில் எதிரில் நின்றவர்கள் பதினாறிலிருந்து இருபது வயதுப் பொடியன்கள், கல்லூரியில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் தாடி வைத்த ஆட்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பல்கலைக்கழக வாங்கில் இருத்திவிட்டு மார்க் குறைந்துவிட்டது என்று வீட்டில் யாராவது சண்டை பிடிப்பார்களா? புள்ளி குறைவது எதிர்பார்த்ததுதான். பார்க்க வேண்டியது, இடைவெளி இல்லாத இடத்திலும் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) வைத்திருக்கிறானா, அடி வாங்கிய பிறகும் நடுப்பகுதிக்கு வருகிறானா என்பதை.

சரி, 2022க்கு வருகிறேன்.

அன்று ஜூலை 7, மொன்றியல் பெல் சென்டர். முதல் தேர்வு மொன்றியலுக்கு, அதுவும் சொந்த மண்டபத்தில். ஷேன் ரைட்தான் என்று இரண்டு மூன்று வருடமாகவே எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். பர்லிங்டனில் வளர்ந்தவன், பதினைந்து வயதிலேயே ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் ஆட விசேட அனுமதி பெற்றவன். அந்த அனுமதி அவனுக்கு முன் அந்த லீக்கில் கிடைத்தது தவாரஸ், எக்பிளாட், மெக்டேவிட், ஷோன் டே என்ற நால்வருக்கு மட்டும். (அந்த வரிசையில் கடைசிப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஷோன் டே 2016 டிராஃப்டில் 81ஆவதாகப் போனார், என்.எச்.எல். ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.) மொன்றியல் மேடையேறி யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி என்ற பெயரைச் சொன்னதும் ஸ்காபரோவில் டிவிக்கு முன்னால் இருந்து தலையில் அடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். ரைட் நான்காவது இடம் வரை இறங்கி சியாட்டிலுக்குப் போனான். மொன்றியல் மேசையை முறைத்துப் பார்த்தான் என்று ஒரு வீடியோத் துண்டு சுற்றியது, அப்படி ஒன்றுமில்லை என்று அவனே சொன்னான். ஆனாலும் நாங்கள் அதை நம்பத்தான் விரும்பினோம்.

எங்கள் வாதமெல்லாம் புள்ளிக் கணக்குத்தான். ரைட் அந்தப் பருவத்தில் கிங்ஸ்டனுக்கு 63 ஆட்டங்களில் 94 புள்ளிகள். ஸ்லாஃப்கோவ்ஸ்கி ஃபின்லாந்தில் டி.பி.எஸ். அணிக்கு 31 ஆட்டங்களில் 10. பத்தே பத்து! ஆனால் அந்தப் பத்தும் ஆண்களின் லீக்கில், முப்பது வயதுக்காரர்களுக்கு எதிராக, பல இரவுகளில் சில நிமிடங்களே களத்தில் விடப்பட்டு எடுத்தவை. அதே குளிர்காலத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஏழு ஆட்டங்களில் ஏழு கோல், போட்டியின் சிறந்த வீரர் விருது, ஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம். என்.எச்.எல். வீரர்கள் இல்லாத ஒலிம்பிக் அது, அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மே மாதம் உலக சாம்பியன்ஷிப்பில், அங்கே என்.எச்.எல். ஆட்கள் இருந்தார்கள், எட்டு ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகள் எடுத்தான். ஆறடி மூன்று அங்குல உடம்பு, மூலையில் இரண்டு பேர் மேலே சாய்ந்தாலும் பக்கை ஒரு கையால் மறைத்துக்கொண்டு வெளியே வருவான். அந்த உடம்போடு அப்படிச் சறுக்கத் தெரிந்தவர்கள் அடிக்கடி கிடைப்பதில்லை.

ரைட் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைக் கட்டுரையும் விட்டுவிட்டது, அன்றைக்கு நாங்களும் விட்டுவிட்டோம். கொரோனாவால் ஒன்ராறியோ லீக்கின் 2020-21 பருவம் முழுதாகவே நடக்கவில்லை. பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் என்றால் சும்மாவா? அந்த வருடம் அவன் ஆடியது டெக்சஸில் நடந்த 18 வயதுக்குட்பட்ட உலகப் போட்டி மட்டும்தான் என்று சொல்லலாம், அதில் தலைவனாக ஐந்து ஆட்டங்களில் 14 புள்ளிகள், தங்கம். ஆகவே திறமை எங்கும் போய்விடவில்லை. திரும்பி வந்தபோது அவனைப் பார்த்த ஸ்கௌட்டுகள் (அணிகளுக்காக வீரர்களைத் தேடுபவர்கள்) ஒரு வருடம் பழைய படத்தோடு ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் முதல் வருடம் 39 ஆட்டம், 10 புள்ளி, ஜனவரியில் முழங்கால் காயம். "சொன்னோமே" என்று நாங்கள் எல்லாரும் துள்ளினோம். ரைட்டுக்கும் நல்ல வருடம் இல்லை. சியாட்டிலுக்கு எட்டே எட்டு ஆட்டம், பல நாள் ஜெர்சி போடாமலே மேலே இருந்து பார்த்தான், ஆனால் முதல் கோலை மொன்றியலுக்கு எதிராகவே போட்டான் (அன்றிரவு நான் கைதட்டினேன், மறைக்கவில்லை). சியாட்டில், அதன் கீழ்நிலை அணியான கோச்செல்லா வேலி, கனடாவின் உலக ஜூனியர் அணி, ஜூனியர் லீக்கில் விண்ட்சர் என்று ஒரே பருவத்தில் நாலு ஜெர்சி மாற்றினான். கனேடிய ஜூனியரிலிருந்து வரும் பொடியன் இருபது ஆகும்வரை ஒன்று என்.எச்.எல்.இல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜூனியருக்கே திரும்ப வேண்டும் என்ற ஒப்பந்தம் அப்போது இருந்தது, நடுவில் இருக்கும் இரண்டாம் நிலை லீக்கான ஏ.எச்.எல்.இல் நிரந்தரமாக விட முடியாது. ஐரோப்பாவிலிருந்து வந்தவனுக்கு அந்தத் தடை இல்லை. இருந்தும் மொன்றியல் ஸ்லாஃப்கோவ்ஸ்கியைக் கீழே அனுப்பாமல் மேலேயே வைத்துக் கற்றுக்கொடுத்தது, அதைத் திட்டியவர்களும் நிறையப் பேர்.

கற்றுக்கொடுத்தவர் யார்? மொன்றியலின் பயிற்சியாளர் மார்ட்டின் சான் லூயி. ஐந்தடி எட்டு அங்குலம், எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத மனிதர். பிறகு இரண்டு தடவை லீக்கின் அதிகப் புள்ளி விருது, தம்பா பேயோடு 2004இல் ஸ்டான்லி கிண்ணம், 2018இல் ஹால் ஆஃப் ஃபேம். முதலாவதாக எடுத்தவனை வளர்க்கும் பொறுப்பு யாரும் எடுக்காதவரிடம் போனது எனக்குப் பிடித்த விஷயம். அடுத்த வருடம் ஸ்லாஃப்கோவ்ஸ்கியைச் சுசூக்கி, கோஃபீல்ட் இருவரோடும் ஒரே லைனில் (சேர்ந்து களமிறங்கும் முன்கள மூவரில்) போட்டார், பொடியன் 82 ஆட்டமும் ஆடி 20 கோல், 50 புள்ளி. அந்தக் கோடையில் எட்டு வருடத்துக்கு 6 கோடியே 8 லட்சம் டொலர் ஒப்பந்தம். 2024-25இல் 51 புள்ளி. அதே பருவத்தில் ரைட் 44, மூன்றாவதாகப் போன லோகன் கூலி 65. கூலியை எடுத்திருக்கலாம் என்று யாராவது வாதாடினால் உட்கார்ந்து பேசலாம். ரைட்டை விட்டது தவறு என்று உங்கள் கட்டுரை சொல்வது எதை வைத்து என்றுதான் புரியவில்லை.

உண்மையில் அந்த டிராஃப்டில் தவறு தேட வேண்டுமானால் 62ஆவது இடத்தில் தேடுங்கள். லேன் ஹட்சன். ஐந்தடி ஒன்பது என்பதால் அறுபத்தொரு பெயர்கள் அவனுக்கு முன்னால் போயின. எடுத்ததும் இதே மொன்றியல்தான், ஆனால் ஸ்லாஃப்கோவ்ஸ்கி, மெசார், பெக் என்று மூன்று பேரை முதலில் எடுத்துவிட்டுத்தான் அவனிடம் வந்தார்கள், எனவே அவர்களும் மூன்று தடவை அவனைத் தாண்டிப் போனவர்கள்தான். 2024-25இல் பின்களத்தில் நின்று 66 புள்ளி எடுத்து அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் விருதையும் வாங்கினான்.

இன்னொன்று, வயது. செப்டெம்பர் 15க்குள் பதினெட்டு ஆகியிருந்தால்தான் அந்த வருட டிராஃப்ட். மத்தியூ ஷேஃபர் பிறந்தது 2007 செப்டெம்பர் 5, பத்து நாள் வித்தியாசத்தில் 2025க்குள் வந்தான், கழுத்தெலும்பு முறிந்து ஒன்ராறியோ லீக்கில் 17 ஆட்டம்தான் ஆடியிருந்தான், அப்படியும் நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணி அவனை முதலாவதாக எடுத்தது. மெக்கென்னா அதே வருடம் டிசம்பர் 20, ஆகவே 2026. ஒரே வருடத்துப் பிள்ளைகள், இரண்டு டிராஃப்ட். இதை நான் இவ்வளவு கவனிப்பதற்குக் காரணம் என் மகன் நவம்பரில் பிறந்தவன். சின்னப் பிள்ளைகள் ஹொக்கியில் ஜனவரியில் பிறந்தவனோடுதான் அவனையும் போடுவார்கள். ஒன்பது வயதில் ஒரு பயிற்சியாளர் "நல்ல கை, ஆனால் சின்ன ஆள்" என்று தேர்விலிருந்து அனுப்பிவிட்டார். விடிய ஐந்து மணிக்கு அரீனாவிலிருந்து காரில் திரும்பியபோது அவன் ஒன்றும் பேசவில்லை. இப்போது பதினான்கு, என்னைவிட உயரம். என்.எச்.எல். போகப்போவதில்லை, அது வேறு கதை, ஆனால் அந்தப் பத்து மாத வித்தியாசத்தை அன்று யாரும் கழித்துப் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையில் ஸ்லாஃப்கோவ்ஸ்கியைச் செக் நாட்டுக்காரர் என்று போட்டிருக்கிறீர்கள். அவர் கொஷிட்செயில் பிறந்த ஸ்லோவாக்கியர், டிராஃப்டில் முதலாவதாகப் போன முதல் ஸ்லோவாக்கியர். அன்று இரண்டாவதாக நியூ ஜெர்சி எடுத்த நேமெட்சும் அதே நாட்டுக்காரர். அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஹொக்கி அப்பா,
ஸ்காபரோ