உறையில் உள்ளது மருந்தில் உள்ளதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூட்டுவலிக்காக என் தாயார் எட்டு மாதம் சாப்பிட்ட மாத்திரையின் உறையில் அமுக்கரா, முடக்கத்தான், சுக்கு என்று மூலிகைப் பெயர்கள் மட்டுமே மில்லிகிராம் கணக்கோடு அச்சிடப்பட்டிருந்தன. வலி இரண்டே நாளில் குறைந்தது. சில மாதங்களில் முகம் உப்பி, இரத்தச் சர்க்கரையும் ஏறியது. ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயப்பட்டார். அப்படிக் கலந்திருந்தால் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து என்பதால், மாத்திரையில் இருப்பது என்னவென்று தெரியாமல் அவருக்கும் எங்களுக்கும் கை கட்டப்பட்டதுபோல் ஆயிற்று.

மருந்து வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம் என்கிறது 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவு. ஆனால் அதே சட்டத்தில் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கென உள்ள தனி அத்தியாயம் 22 முதல் 25 வரையுள்ள பிரிவுகளை மட்டுமே எடுத்துக்கொண்டு 26ஐ விட்டுவிட்டது. மூலிகை மருந்து வாங்குபவருக்கு மட்டும் இந்த உரிமை ஏன் இல்லை என்பதற்கு எனக்கு நியாயம் எதுவும் தென்படவில்லை.

சித்த மருத்துவ நூல்களில் சொல்லப்பட்ட மருந்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூலப்பாடம் உண்டு. தனியுரிமை மருந்தின் கலவையோ தயாரிப்பாளரே வகுத்துக்கொண்டது. அதில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி போன்றவை கலந்திருந்தால் இன்றைய கருவிகள் எளிதில் காட்டிக்கொடுத்துவிடும். பத்து மூலிகை சேர்ந்த மாத்திரையில் அமுக்கரா சொன்ன அளவுக்கு இருக்கிறதா என்று காண்பதுதான் கடினம். அமுக்கராவுக்கு வித்தனோலைடு, நிலவேம்புக்கு ஆண்ட்ரோகிராஃபோலைடு, திப்பிலிக்குப் பைப்பரின் என அடையாள வேதிப்பொருள்கள் இருந்தாலும், அவற்றில் ஒன்றை மட்டும் தனியே சேர்த்துவிட்டுக் கணக்குக் காட்டவும் முடியும். ஆகவே, உரிமம் கேட்கும்போதே தயாரிப்பாளர் சோதனை முறையையும், மூலிகைகளின் முழு வண்ணப்பிரிகைப் பதிவையும் (வேதிப்பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃபி சோதனைப் பதிவு) உரிமம் வழங்கும் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதிக்க வேண்டும். மருந்து ஆய்வாளர்கள் மாதிரிகளை ஆலை வாசலில் அல்லாமல், மக்கள் வாங்கும் கடைகளிலிருந்தே எடுக்க வேண்டும்.

நேர்மையாக மருந்து செய்யும் சித்த வைத்தியர்கள் பலரை நான் அறிவேன். இந்தச் சோதனையை அவர்கள் வரவேற்கவே செய்வார்கள். 26ஆம் பிரிவின் உரிமையை இம்மருந்துகளுக்கும் விரிவுபடுத்த மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். தமிழக அரசு அதை வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.