பயிற்சி முகாமில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கொசுக்கடி என்று எழுதியிருந்தாய், சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாதே. உன் முகாம் இருக்கும் பாரிஸ் ஐலண்டில் போன் கிடையாது என்றதும் முதலில் கலங்கினேன். இப்போது உன் கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முடிகிறதே, அது பிடித்திருக்கிறது.

நீ சேர்ந்திருக்கும் அமெரிக்க மரைன் படை, அதாவது கப்பலில் போய்க் கரையிறங்கிச் சண்டையிடும் படை, நம் ஃபிலடெல்ஃபியாவில், டன் டேவர்ன் என்ற மதுக்கடையில் பிறந்தது என்று வகுப்பில் சொன்னதை எழுதியிருந்தாய். நானும் அப்பாவும் ஃப்ரண்ட் தெருப் பக்கம் போய்ப் பார்த்தோம். கடை இல்லை. 1781-லேயே இடித்துவிட்டார்கள். ஆற்றை ஒட்டி ஐ-95 சாலைதான் இரைச்சலோடு ஓடுகிறது. ஒரு தகவல் பலகை இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு அது வெறுமனே குடிக்கிற இடமாக இருக்கவில்லை. பிழைக்க வந்து கஷ்டப்பட்ட தங்கள் ஊர்க்காரர்களுக்கு உதவ, ஸ்காட்லாந்துக்காரர்கள் 1747-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கத்தைத் தொடங்கியதும் அங்கேதான். கப்பலில் வந்து இறங்கியவர்கள், வேலை தேடுபவர்கள், சேதி கேட்க வந்தவர்கள் என்று எல்லாரும் கூடிய இடம். ஆள் சேர்க்க நினைப்பவர்கள் வேறு எங்கே போவார்கள்?

1775 நவம்பர் 10 அன்று, பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்கக் குடியேற்றங்களின் காங்கிரஸ் சபை இரண்டு மரைன் பட்டாலியன்கள் திரட்டத் தீர்மானம் போட்டது. கடல் பழக்கம் உள்ளவர்களாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. சாமுவேல் நிக்கோலஸ் கேப்டன் ஆனார். டன் டேவர்னை நடத்திய ராபர்ட் முல்லன் கடையிலேயே ஆள் சேர்த்தார் என்பது உங்கள் படையின் மரபுக் கதை. நிக்கோலஸ் குடும்பத்துக்கே கானஸ்டோகா வேகன் என்று ஒரு கடை இருந்ததாம், அங்கேதான் சேர்த்திருப்பார்கள் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. நீ தேர்வில் டன் டேவர்ன் என்றே எழுது. ஆனால் இந்தச் சந்தேகமும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். எந்தக் கடையாக இருந்தாலும் தீர்மானம் உண்மை, சேர்ந்த பையன்களும் உண்மை.

1776-ல் முல்லன் கேப்டனாக இருந்த பிரிவின் பெயர்ப்பட்டியலில் ஐசக், ஆரஞ்ச் என்று இரண்டு கறுப்பின வீரர்கள் இருக்கிறார்கள். அடிமை முறை நடப்பில் இருந்த ஊர், தம்பி. அந்தப் பட்டியலில் அவர்களும் மரைன்கள். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் நிறத்துப் பிள்ளையை அங்கே எப்படி நடத்துவார்களோ என்று நீ கிளம்பிய நாளிலிருந்து மனதுக்குள் இருந்த பயத்தை உன்னிடம் சொன்னதில்லை. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொடங்கி ஒரு வருடத்துக்குள்ளேயே அந்த வரிசையில் அவர்கள் இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள். நீயும் நிமிர்ந்து நில்.

முதல் ஆட்கள் பட்ட பாட்டையும் படித்தேன். டெலவேர் ஆறு உறைந்து கப்பல்கள் வாரக்கணக்கில் சிக்கிக்கொண்டன. 1776 மார்ச் 3 அன்று பஹாமாஸில் நசாவ் பக்கம் இறங்கிக் கோட்டையைப் பிடித்தார்கள். பீரங்கிகள் கிடைத்தன. தேடிப் போன வெடிமருந்தில் பெரும்பகுதியை அங்கிருந்த பிரிட்டிஷ் கவர்னர் அதற்குள் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். இதற்கு நடுவே கப்பல்களில் பெரியம்மை வேறு. அடுத்த ஜனவரியில் பிரின்ஸ்டன் சண்டையில் வில்லியம் ஷிப்பின் என்ற கேப்டன் இறந்தே போனார். இதையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன். நீ தெரிந்துதான் சேர்ந்தாய், நானும் தெரிந்துகொண்டுதான் காத்திருக்க வேண்டும்.

போட வேண்டிய ஊசி எல்லாம் போட்டார்களா? காலில் கொப்புளம் ஆறியதா? ஞாயிற்றுக்கிழமை எழுத நேரம் கிடைத்தால் அதை முதலில் எழுது. அப்பா தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா