பைப் நட்டில் ஸ்பேனர் வைக்காதே

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் கண் அறுவை சிகிச்சை நன்றாக முடிந்ததாகப் பெரியவன் சொன்னான். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல்.

உன் கார் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவில்லை என்றாய். பானெட்டைத் திறந்து, மீசை அண்ணன் செய்ததைப் போல சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களின் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கப் போகிறேன் என்றும் சொன்னாய். பேசினால் குறுக்கே பேசுவாய். எழுதினால்தான் கடைசி வரை கேட்பாய். அதனால் எழுதுகிறேன். அதைச் செய்யாதே.

அம்பாசிடரில் அது நடந்தது. என்ஜினை ஓடவிட்டு ஒரு நட்டைத் தளர்த்துவார். சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாறாவிட்டால் படுத்துக் கிடப்பது அதுதான். நீ பழைய பனியன் துணியோடு பக்கத்தில் நிற்பாய். டீசல் நாற்றத்தோடு வகுப்புக்கு வந்து தமிழ் ஐயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இன்றுவரை யாரும் மறக்கவில்லை. அந்த வண்டிக்கு அது சரியான முறை. பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பைப்பில், அதன் முறை வரும்போது மட்டும் டீசலைத் தள்ளும். இஞ்செக்டரின் முனையான நாசில் நூற்றைம்பது பார் அழுத்தத்துக்குள்ளேயே திறந்துவிடும். இப்போது உன்னிடம் இருப்பது காமன் ரெயில். 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156இல் கார்களுக்கு வந்த முறை. நான்கு இஞ்செக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில், அதாவது ரெயிலில், என்ஜின் ஓடும்வரை டீசல் அழுத்தத்திலேயே காத்திருக்கிறது. ஐட்லிங்கில் 250, 300 பார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் 1,600 பார் வரை, சில என்ஜின்களில் 2,000. உன் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்.

அந்த நட்டைத் தளர்த்தினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு மெல்லிய தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும். மிருதங்கம் வாசிக்கிற கை அது, மாப்பிள்ளை. நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

என் வண்டியின் கதையை நீ முழுதாகக் கேட்கவில்லை. திருமங்கலம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன். பிறகு ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. ஆறியதும் உடனே பிடித்தது. ஓர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார்கள். பி0087 என்று வந்தது. நான்கு இஞ்செக்டரையும் பம்பையும் மாற்ற வேண்டும் என்று உடனே ஒரு பட்டியலை நீட்டினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ரெயிலில் அழுத்தம் குறைவு என்பதை மட்டும்தான் அந்தக் குறியீடு சொல்கிறது. ஏன் குறைவு என்று சொல்லாது. ஃபில்டர் அடைத்திருந்தாலும், பம்ப் தேய்ந்திருந்தாலும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு கெட்டிருந்தாலும், ஒரே ஒரு இஞ்செக்டர் கசிந்தாலும் அதே பி0087 வரலாம். காரணத்தைத் தேடாமலே விலை சொல்கிறவர்களிடம் எப்படி வண்டியை விடுவது?

நம் பம்ப் கடைப் பெரியவரிடம் போனேன். முதலில் ஃபில்டரிலிருந்த டீசலைக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, தண்ணீரோ துருவோ இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அடுத்து இஞ்செக்டர்களின் தலையில், மீதி டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றினார். அது அழுத்தம் குறைந்த பாதை, அதைத் தொடலாம். அங்கே மெல்லிய குழாய்களை மாட்டி, அளவுக்கோடு போட்ட நான்கு பாட்டில்களில் விட்டார். என்ஜினைச் சிறிது நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டார். நீ பார்த்திருக்க வேண்டும்! மற்ற மூன்றிலும் அடியில் விரல் உயரம்தான். மூன்றாவது இஞ்செக்டரின் பாட்டில் கழுத்து வரை வந்துவிட்டது.

இஞ்செக்டருக்குள் மிகச் சிறிய குண்டு வால்வு ஒன்று இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது திறக்கும். நாசிலை மூடியிருக்கும் ஊசிக்கு மேலே அழுத்தம் குறையும். ஊசி எழும்பி டீசல் சிலிண்டருக்குள் பாயும். அப்போது கொஞ்சம் டீசல் ரிட்டர்னில் திரும்புவது இயல்பு. குண்டு உட்காரும் இடம் தேய்ந்துவிட்டால் எந்நேரமும் கசியும். ஸ்டார்ட் செய்யும்போது பம்ப் மெதுவாகத்தான் சுற்றுகிறது. ரெயிலில் சுமார் 200 பார் சேராமல் கம்ப்யூட்டர் இஞ்செக்டரைத் திறக்காது. சூடான டீசல் இளகி இன்னும் வேகமாகக் கசிகிறது. காலையில் பிடித்த வண்டி டீக்கடையில் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இதுதான்.

அந்த ஒன்றை மட்டும் மாற்றினோம். புதியதன் தலையில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருந்த குறியீட்டை ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டரில் பதிந்தார். அடியில் புதுச் செம்பு வாஷர் போட்டார். பழையதையே போட்டால் எரிந்த வாயு கசிந்து, இஞ்செக்டரைச் சுற்றிக் கரி இறுகிவிடுமாம்; பிறகு கழற்றுவதே பெரும்பாடு. இப்போது வெயிலில் நிறுத்தினாலும் சாவியைத் திருப்பியதும் பிடிக்கிறது.

பாட்டில்கள் எல்லாவற்றையும் காட்டாது. நாசில் முனை கெட்டுச் சிலிண்டருக்குள் சொட்டினால் அது ரிட்டர்னில் தெரியாது. புகை, தட்டுகிற சத்தம், கம்ப்யூட்டர் அந்தச் சிலிண்டருக்கு டீசலைக் கூட்டியோ குறைத்தோ விடும் திருத்த அளவு ஸ்கேனரில் மற்றவற்றிலிருந்து விலகி நிற்பது ஆகியவற்றை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அப்போதும் சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்கிற கம்ப்ரஷனைப் பார்க்காமல் இஞ்செக்டரைக் குற்றம் சொல்லக் கூடாது. வால்வு எரிந்த சிலிண்டரும் அப்படித்தான் காட்டும்.

நீ சொன்னதில் இன்னொன்று என்னை உறுத்துகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். ஆயில் தானாக அதிகரிக்காது; டீசல் கலந்திருக்கலாம். குச்சியை முகர்ந்து பார். டீசல் வாடை வந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதே. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. சொட்டுகிற நாசில் பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும்.

பெரியவர் பாட்டில்களைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நானே எடுத்து வருகிறேன். அதுவரை ஸ்பேனர் பெட்டி தங்கையிடம் இருக்கட்டும். ஆயில் வாடை எப்படி, ஸ்கேனரில் என்ன குறியீடு வந்தது என்பதை உடனே எழுது.

அன்புடன்,
உன் மாமன்