டிஸ்க் போயிருச்சா தாயி?

தாயி, வாய்ஸ் மெசேஜ் போட்டா உங்க அம்மா காதுல விழுந்துரும், அதான் ஸ்டுடியோ வாசல்ல உக்காந்து டைப் பண்ணுதேன், தப்பு இருந்தா சிரிக்காத. அவசரம் ஒண்ணும் இல்ல. உன் பேஜ்ல மொதல்ல தெரியுத மாதிரி உன் கல்யாண வீடியோவ வச்சிருப்பல்லா, அத ஒரு மாசமா காணோம். ஹார்ட் டிஸ்க் எதுவும் போயிருச்சா? ஒரு டிஸ்க்க நம்பாத, ரெண்டுல போடு, ரெண்டையும் ஒரே பையில வைக்காதன்னு எத்தன தடவ சொல்லிருப்பேன். போனாலும் கவலப்படாத, எங்கிட்ட இருக்கு.

போன வாரம் ஆலங்குளம் பக்கத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு. 1994ல எம்-7 கேமராவத் தோள்ல தூக்கிட்டு அலைஞ்ச காலத்துல நான் எடுத்த கல்யாணம், மூணு மணி நேர கேசட், ரீல் பூரா வெள்ளையா பூசணம். வி.சி.ஆர். செய்யுததயே 2016ல நிறுத்திட்டானுவ, நம்மகிட்ட பழசு ஒண்ணு இன்னும் ஓடுதுல்லா, ரெண்டு நாள் ரீலத் தொடச்சு ஓட்டிக் காட்டுனேன். அவருக்குத் தாலி கட்டுதது வேண்டாமாம். பந்தியில அவங்க அப்பா இலையில பாயாசத்த விட்டு அப்பளத்த நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுதாரு பாரு, அந்த எடந்தான் வேணுமாம், பத்து செகண்ட் இருக்கும். திரும்பத் திரும்ப பாத்துட்டு கேசட்டக்கூட எடுக்காம எந்திரிச்சுப் போயிட்டாரு, நான் பின்னால ஓடிக் குடுத்தேன். பந்திய எல்லாம் எவன்ப்பா பாப்பான்னு நீ கேப்பல்ல, அதுக்குத்தான் சொல்லுதேன், அஞ்சு நிமிஷமாவது பந்திய எடு.

ஆனா நீ அந்தத் தூத்துக்குடி கல்யாணத்துல பாட்டே போடாம ஆச்சி குரல மட்டும் வச்சு நாலு நிமிஷம் ஓட்டிருந்தியே, பாட்டு இல்லாம என்ன கல்யாண வீடியோன்னு திட்டத்தான் போன எடுத்தேன், அதுக்குள்ள ஆச்சி, மாப்பிள்ள மூஞ்சிய மூணாம் நாளுதான் பாத்தேன்னு சொல்லிட்டு பேத்தி தாடையத் தொடுதா, நீ கட் பண்ணாம அப்படியே விட்டிருக்க. நானா இருந்தா அந்த எடத்துல ஹார்ட்டின் மிக்சிங் போட்டிருப்பேன். சத்தியமா எனக்கு அது வராது. டீக்கடையில எல்லார்ட்டயும் காட்டுனேன். எட்டாங்கிளாஸ்ல ஆயிரம் வாட் சன் கன் லைட்ட பிடிச்சுட்டு எங்கூட நின்ன பிள்ள, கை சுடுதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. சுட்டாலும் சொல்லமாட்ட. அதான் எனக்கு இப்ப பயமா இருக்கு.

வைகாசி பூரா முகூர்த்தம், வேல இருக்கும், சரி. அதுக்காக எப்ப அடிச்சாலும் எடிட்ல இருக்கேம்ப்பான்னு வச்சுருதியே, பெத்தவன்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசுனா எந்த கிளையன்ட் கோவிச்சுக்குவான்? மாப்பிள்ளைக்கு அடிச்சேன். நல்லாருக்கோம் மாமான்னாரு. அந்த ரூம் எக்கோ அடிச்சுது தாயி. முப்பது வருஷம் சவுண்டு கேட்டவன் நான், உங்க வீட்டு ஹால்ல எக்கோ வராது. உங்க அம்மாட்ட நான் இத சொல்லல.

பேஜ்ல ஏத்துனது டிஸ்க் போனா போகாதுன்னு எனக்கும் தெரியும்.

உன் கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி பொண்ணு ரூம்ல, புதுக் கேமராவ டெஸ்ட் பண்ணுதேன்னு நான் உன்ன எடுத்துட்டு இருந்தேன், ஞாபகம் இருக்கா? கையில மருதாணி காயாம, அப்பா கேமராவக் கீழ வைங்க, ஒண்ணு சொல்லணும்ன. மாப்பிள்ள வீட்டு வேன் மண்டபத்து வாசல்ல வந்து நிக்குது, வாழ மரம் ஒண்ணு சாஞ்சு கெடக்கு, சமையல்காரரு முந்திரி பத்தலைங்காரு. எதுனாலும் நாளைக்குப் பேசுவோம், எங்க, சிரி பாப்போம்னேன். நீயும் சிரிச்ச. அந்தச் சிரிப்பத்தான் டைட்டில்ல வச்சேன், எல்லாரும் என்ன அழகா சிரிக்கா உம்மவன்னு சொன்னாங்க. அதுக்கு முன்னால உள்ளத எடிட்ல வெட்டிட்டேன். 32 செகண்ட், செகண்டுக்கு 25 கணக்குல 800 ஃப்ரேம். கேமரா கண்ணு வழியா உன் மூஞ்சிய அவ்வளவு பக்கத்துல பாத்துட்டு நிக்கேன், ஃபோகஸ் சரியா இருக்கான்னுதான் பாத்தேன். மறுநாள் உங்கிட்ட கேக்கவும் இல்ல. மறந்துட்டேன்னு நெனச்சிருப்ப. மறக்கல தாயி. கேட்டா கல்யாணம் நின்னுருமோன்னு பயம், பத்திரிகை எல்லாருக்கும் குடுத்தாச்சுல்லா.

வெட்டுனது இங்க பீரோவுல இருக்குத டிஸ்க்ல அப்படியே இருக்கு. அழிக்கல, யாருக்கும் காட்டவும் இல்ல. நீ சொன்னா உன் முன்னாலயே அழிச்சுருதேன்.

ஆடி பொறந்துட்டா உனக்கும் முகூர்த்தம் கெடையாது. ஆடித்தபசு திருவிழாவுக்கு வா, கோமதியம்மன பாத்து எத்தன வருஷமாச்சு. மாடி ரூமுக்கு வெள்ள அடிச்சாச்சு, எதுக்கு இப்பன்னு உங்க அம்மா கேட்டா, சும்மாதான்னுட்டேன். ரிசர்வேஷன் இப்பல்லாம் 60 நாளைக்கு முன்னாலதான், பொதிகை ரயிலு சீக்கிரம் நெரம்பிரும். ரெண்டு டிக்கெட் போடவா, ஒண்ணு போதுமா, அத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன். வரும்போது டிஸ்க்க எல்லாம் பத்திரமா எடுத்துட்டு வா, எல்லாத்தையும் ஒரே பையில வைக்காத.